கோடை விடுமுறையில் குழந்தைகளோடு வேலை: ஆசிரியராக விரும்புகிறவர் எதை எடுப்பது?

புதுமுகம்

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கோடை முடிந்ததும் ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் சேரப் போகிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியராக வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. ஆனால் சின்னப் பிள்ளைகளோடு எனக்குப் பழக்கமே இல்லை, வீட்டில் நான்தான் கடைசி. படிப்பு தொடங்குவதற்குள் குழந்தைகளோடு ஒரு வேலை பார்த்துவிடலாம் என்று விண்ணப்பித்தேன். இரண்டு இடத்தில் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒன்று பகல் நேரக் கோடை முகாம். ஆறு வயதிலிருந்து ஒன்பது வயது வரை. விளையாட்டு, கைவேலை, கதை நேரம் என்று போகும். நான் உதவியாளர்தான், சம்பளம் சுமார். இன்னொன்று டியூஷன் மையம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு. தனியாக நின்று பாடம் நடத்தலாம், சம்பளமும் நன்றாக இருக்கிறது.

வீட்டில் எல்லார் ஓட்டும் டியூஷனுக்கே. "பந்து பொறுக்கிப் போடுவதற்கா வாத்தியார் வேலைக்குப் படிக்கப் போகிறாய்?" என்கிறார் அப்பா. அவர் கேட்பதிலும் நியாயம் இருப்பதுபோல்தான் தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்

முகாமுக்குப் போங்கள். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு நானே இப்படிச் சொல்கிறேன் என்றால் யோசித்துத்தான் சொல்கிறேன்.

பாடம் நடத்துவதைப் பயிற்சிப் படிப்பில் சொல்லித் தருவார்கள். பாடத்திட்டம் எழுத வைப்பார்கள், மாதிரி வகுப்பு எடுக்க வைப்பார்கள். ஆனால் வகுப்பு கைவிட்டுப் போவது பெரும்பாலும் ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான். நோட்டை எடு, வரிசையில் நில், கை கழுவிக்கொண்டு வா என்று சொல்லும் நேரத்தில்தான் தள்ளுமுள்ளும் அழுகையும். முகாமில் நாள் முழுக்க இந்த இடைவெளிகள்தான். மைதானத்திலிருந்து அறைக்கு, அறையிலிருந்து சாப்பாட்டுக்கு, அங்கிருந்து கதைக்கு. ஒரு பள்ளி ஆண்டில் படிப்பதை ஒரு கோடையிலேயே படித்துவிடலாம்.

கைவேலை நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பிள்ளைகள், வண்ணத்தாள், கத்தரிக்கோல், பசை. புதிதாக வருகிறவர் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டு, அப்புறம் "எல்லாரும் இங்கே கவனியுங்கள்" என்பார். யார் கவனிப்பார்கள்? கத்தரிக்கோல் கைக்கு வந்ததும் காது மூடிக்கொள்ளும். பழகியவர் முதலில் வெறுங்கையோடு உட்காரவைத்துச் செய்து காட்டுவார். ஒரு பிள்ளையை விட்டு அதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். பிறகு தாள் மட்டும் கொடுப்பார். எல்லாரும் மடித்து முடித்தபின் கத்தரிக்கோல். அது எண்ணிக்கை குறையாமல் திரும்ப வந்த பிறகுதான் பசை. அதே பொருள், அதே பிள்ளைகள், ஆனால் ஒரு சத்தம்கூடப் போட வேண்டியிருக்காது.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970-ல் முடிவுகளை வெளியிட்டார். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில், ஒழுங்காக நடக்கும் வகுப்புக்கும் நடக்காத வகுப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்கு முன்னால் ஆசிரியர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. முதுகுக்குப் பின்னால் நடப்பதும் இவருக்குத் தெரியும் என்று பிள்ளைகள் நம்பினார்களா, ஒருவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இன்னொரு மூலையையும் பார்த்தாரா, வேலை தொய்யாமல் நகர்ந்ததா. இதையெல்லாம் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்யலாம், ஆனால் கண்ணுக்கும் காலுக்கும் பழக்கம் வர பிள்ளைகள் நடுவில் நின்றே ஆக வேண்டும்.

சிவப்பு மை

வாத்தியார் சொல்வதை மறுக்கவில்லை. அதற்காக டியூஷனை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம்.

பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க டியூஷன் மாதிரி இடம் கிடையாது. 52-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு குழந்தை 26 என்று எழுதுகிறது. தப்பு என்று ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விடலாம். அதே குழந்தையிடம் 71-இலிருந்து 45-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 34 என்று எழுதும். இப்போது புரிகிறதா? எந்த எண் மேலே இருக்கிறது என்று பார்க்காமல், ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிறது. 8-இல் 2 போனால் 6, 5-இல் 3 போனால் 2. கவனக்குறைவே இல்லை. தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு அதைக் கவனமாகப் பின்பற்றுகிறது. அந்த விதியைக் கண்டுபிடிக்காமல் இன்னும் ஐம்பது கணக்குக் கொடுத்தால் ஐம்பதும் அதே விதியில்தான் வரும்.

இந்தக் கண் முகாமில் வருமா? பந்து விளையாடும்போது யார் கழித்தல் கணக்குப் போடுகிறார்கள்?

கணக்கு வாத்தியார்

அருமையான உதாரணம், சிவப்பு மை. ஆனால் இவருக்குக் கிடைத்திருக்கும் மையத்தில் பக்கத்தில் உட்கார நேரம் தருவார்களா? பலகையில் நடத்திவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டும் என்றால் அந்த 26 யார் கண்ணில் படும்? அதுவுமில்லாமல் இவர் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆசைப்படுகிறார். பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு பழகினால் பதினைந்து வயதுதான் பழகும்.

சிவப்பு மை

அது சரி. புதுமுகம், ஒரு வகுப்பில் எத்தனை பேர், நோட்டைத் திருத்துவது யார் என்று அவர்களிடம் கேளுங்கள். சின்ன குழுவாக இருந்தால் என் ஓட்டு டியூஷனுக்கு. பெரிய கூட்டமாக இருந்தால் பேசாமல் பந்து பொறுக்கப் போங்கள்.

புதுமுகம்

கேட்டேன். அறை நிறைய உட்காருவார்களாம். அச்சடித்த குறிப்பு அவர்களே தருவார்கள், அதைத் தாண்டிப் பேசத் தேவையில்லையாம். திருத்துவதற்கு வேறு ஆள். ஆக, தனியாக நின்று ஒப்பிக்கிற வேலை.

முகாம் பக்கம் சாய்கிறேன். ஆனால் இப்போது வேறு பயம். என் குரல் மெல்லியது. கத்தினால் உடைந்துவிடும். இருபது பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது? முதல் நாளே ஏறி மிதித்துவிடுவார்களோ?

முகாம் அக்கா

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பல கோடைகள் முகாமில் இருந்தவள், இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி தருகிறேன்.

குரல் மெல்லியதாக இருப்பது வசதி தம்பி (தங்கையாக இருந்தால் மன்னிக்கவும்). கத்துகிறவர் முதல் வாரம் ஜெயிப்பார். இரண்டாம் வாரம் பிள்ளைகள் அதைவிடச் சத்தமாகப் பேசக் கற்றுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் முதல் நாளே ஓர் அடையாளம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கை தட்டும் தாளம் ஒன்று நீங்கள் போட வேண்டும், அவர்கள் அதைத் திருப்பிப் போட வேண்டும். அதை விளையாட்டாகவே பல தடவை பழக்குங்கள். அப்புறம் அது இல்லாமல் பேசத் தொடங்காதீர்கள். எல்லாரும் அமைதியாகும் முன் நீங்கள் பேச ஆரம்பித்தால், நீங்கள் பேசும்போது பேசலாம் என்று நீங்களே அனுமதி கொடுத்ததாக ஆகிவிடும்.

தனி ஒரு பிள்ளையிடம் சொல்ல வேண்டியதைத் தூரத்திலிருந்து சொல்லாதீர்கள். நடந்து பக்கத்தில் போய், குனிந்து, பெயரைச் சொல்லி, மெதுவாகச் சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் கண்டித்தால் அவன் உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டான், கூட்டத்துக்குப் பதில் சொல்வான். "ஓடாதே" என்பதைவிட "நடந்து வா" என்பது வேலை செய்யும். என்ன செய்யக் கூடாது என்று கேட்ட பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே.

பெயர்களை முதல் நாளே படித்துவிடுங்கள். எல்லாப் பெயரும் வராவிட்டால் அமைதியான பிள்ளைகளின் பெயரை முதலில் படியுங்கள். வாலுப் பிள்ளைகளின் பெயர் தானாகவே வந்துவிடும்.

காலையில் விட்டுப் போகும்போது அழும் பிள்ளைகள் இருப்பார்கள். பெற்றோர் செய்யும் இரண்டு காரியம் நம்மைப் பாடாய்ப் படுத்தும். ஒன்று, பிள்ளை பார்க்காத நேரமாகப் பார்த்து நழுவிப் போய்விடுவது. அப்புறம் அந்தக் குழந்தை நாள் முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு, "பிடிக்கவில்லை என்றால் போன் பண்ணச் சொல், உடனே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று வாக்குக் கொடுப்பது. பிடிக்காமல் இருப்பதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டுமா? சுருக்கமாக விடைபெறச் சொல்லுங்கள், எப்போது வருவேன் என்பதைப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொல்லுங்கள். "நாலரைக்கு" என்றால் ஆறு வயதுக்கு ஒன்றும் புரியாது. "கதை முடிந்ததும்" என்றால் புரியும்.

இன்னொன்று. விளையாட்டில் சேராமல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளையை இழுத்து உள்ளே விடாதீர்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்பவர் 1932-ல் குழந்தைகளின் விளையாட்டை வகை பிரித்தபோது, நின்று பார்ப்பதையும் ஒரு வகையாகவே சேர்த்தார். அந்தப் பிள்ளை விதிகளைப் படித்துக்கொண்டிருக்கலாம். எங்கள் முகாமில் ஒரு பெண் குழந்தை முதல் வாரம் முழுக்கக் கோட்டுக்கு வெளியே நின்றது. வா வா என்று கூப்பிட்டால் இன்னும் ஓரடி பின்னால் போகும். கடைசியில் கூழாங்கற்களைக் கையில் கொடுத்து, இந்த அணிக்கு ஒரு புள்ளி வந்தால் இந்தப் பக்கம் ஒரு கல் வை என்றேன். கோட்டுக்கு வெளியேதான் நின்றாள், ஆனால் ஆட்டத்தில் இருந்தாள். கொஞ்ச நாளில் புள்ளிக் கணக்கில் ஏமாற்றிய பையனோடு சண்டை போட உள்ளேயே வந்துவிட்டாள். அந்தச் சண்டையை நான் விலக்கவே இல்லை!

விதிமுறை

எல்லாரும் இனிப்பாகவே பேசுகிறீர்கள், கொஞ்சம் கசப்பையும் சொல்லிவிடுகிறேன். சேருவதற்கு முன் முகாமிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன.

ஒரு பெரியவருக்கு எத்தனை பிள்ளைகள்? முதலுதவி தெரிந்தவர் எந்நேரமும் இருக்கிறாரா? ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் யார் யார், அவர்களுடைய மருந்து எங்கே இருக்கிறது, அதைக் கொடுக்கும் பொறுப்பு யாருக்கு? மாலையில் பிள்ளையைக் கூட்டிப் போக வருபவர் பெயர் பட்டியலில் இல்லையென்றால் என்ன செய்ய வேண்டும்? இதற்கெல்லாம் தயங்காமல் பதில் வந்தால் நல்ல இடம். உங்களைப் பற்றி விசாரிக்கிறார்கள், பழைய இடத்துக்குப் போன் செய்து கேட்கிறார்கள், காவல்துறைச் சான்று கேட்கிறார்கள் என்றால் கோபப்படாதீர்கள். உங்களையே விசாரிக்காமல் எடுத்துக்கொள்ளும் இடம் மற்றவர்களையும் அப்படித்தான் எடுத்திருக்கும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், உடன் இருந்தவர் வராத நாளில் இரண்டு குழுவையும் என் தலையில் கட்டிவிட்டு அலுவலக அறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு பிள்ளைக்கு முட்டியில் அடிபட்டது. அதைக் கவனிப்பதா, மற்ற எல்லாரையும் கவனிப்பதா? அன்று சாயந்திரமே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். இப்படி நடந்தால் நீங்களும் எழுத்தில் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்காதீர்கள். கதவு திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் இன்னொருவர் கண்ணில் படும் இடமாக இருக்கட்டும். பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. சொந்தப் போனில் படம் எடுக்காதீர்கள். எவ்வளவு அழகான தருணமாக இருந்தாலும் வேண்டாம். 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 16-ஆம் பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தைப் பற்றியது. 31-ஆம் பிரிவு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்கிறது. பந்து பொறுக்கும் வேலை என்று நினைப்பவர்களுக்கு அந்த 31-ஐக் காட்டலாம்.

ஒரு பிள்ளை உங்களை நம்பி வீட்டிலோ வெளியிலோ தனக்கு நடக்கும் கெட்ட விஷயத்தைச் சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது" என்று சொல்லிவிட்டு, அதன் வார்த்தைகளையே அப்படியே எழுதி, அன்றே பொறுப்பாளரிடம் கொடுங்கள். விசாரிப்பது உங்கள் வேலை இல்லை.

நீச்சல் குளம் இருக்கும் முகாம் என்றால் இன்னும் ஒன்று. மூழ்கும் பிள்ளை கத்தாது. கையை ஆட்டிக் கூப்பிடும் என்பதெல்லாம் சினிமா. மூச்சுக்கே வாய் போதாதபோது எங்கே கத்துவது? ஒரு நிமிடத்துக்குள்ளேயே சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். தண்ணீர் ஓரம் நிற்கும் நேரத்தில் பேச்சும் போனும் கூடாது.

புதுமுகம்

பயமும் வருகிறது, நன்றியும் வருகிறது. எழுதி வைத்துக்கொண்டேன், நாளை கேட்டுவிடுகிறேன்.

இன்னொரு சந்தேகம். அங்கே நன்றாக நடந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு ஸ்டிக்கர் கொடுக்கும் பழக்கம் இருக்கிறதாம். நிறைய வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

கணக்கு வாத்தியார்

கொஞ்சம் நில்லுங்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று பேர் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள சின்னக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஒரு குழுவிடம் வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. பின்னால் யாரும் சொல்லாமல் சும்மா விளையாட விட்டபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆசையாகச் செய்வதற்குக் கூலி பேசினால் அது வேலையாகிவிடுகிறது.

சிவப்பு மை

ஆசையாகச் செய்வதற்கு, சரி. சிந்திய பசையைத் துடைப்பதை எந்தக் குழந்தை ஆசையாகச் செய்யும்? அதற்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்தால் குடிமுழுகிப் போகாது. அந்த ஆய்வும் ஏற்கெனவே பிடித்த காரியத்தைப் பற்றித்தான் பேசுகிறது. கதை கேட்பதற்கும் வரைவதற்கும் வேண்டாம், சுத்தம் செய்ய வேண்டுமானால் கொடுக்கட்டும்.

கணக்கு வாத்தியார்

ஒத்துக்கொள்கிறேன். இந்த இழையில் இரண்டாம் தடவை.

இரவுப்பறவை

கொண்டாட்டத்துக்கு நடுவில் ஒரு குரல். நான் முகாமில் இருந்துவிட்டு ஆசிரியர் ஆனவன். முகாம் பிள்ளைகள் என்மேல் உயிராக இருந்தார்கள். அந்த நினைப்போடு பள்ளிக்குள் போனால் முதல் ஆண்டு வேறு மாதிரி இருந்தது. முகாமில் தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது, முடிக்க வேண்டிய பாடம் கிடையாது. பிள்ளைக்கு இன்று பிடிக்கவில்லை என்றால் வேறு விளையாட்டுக்கு மாறிவிடலாம். பள்ளியில் பிடிக்காவிட்டாலும் வாய்ப்பாடு வந்தாக வேண்டும். முகாமில் நான் அண்ணன். வகுப்பில் அதே பிள்ளையின் விடைத்தாளில் குறைந்த மதிப்பெண் போட்டுவிட்டு மறுநாள் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அதனால் முகாம் சந்தோஷத்தை வைத்து, நான் பிறவி ஆசிரியன் என்று முடிவு கட்டாதீர்கள். முகாமில் களைத்துப்போனால் இது நமக்கு ஒத்துவராது என்றும் முடிவு கட்ட வேண்டாம், வெயிலில் நாள் முழுக்க ஓடினால் யாரும் களைப்பார்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான். மற்றவர்களுக்கு எரிச்சலூட்டும் ஒரு பிள்ளை இருக்கும். அதன் மேல் உங்களுக்கு ஆர்வம் வருகிறதா? ஏன் இப்படிச் செய்கிறான் என்று வீட்டுக்குப் போகும் வழியில் யோசிக்கிறீர்களா? குழந்தைகளைப் பிடிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். சிரிக்கும் குழந்தையை யாருக்குத்தான் பிடிக்காது?

முகாம் அக்கா

இரவுப்பறவை சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நாட்குறிப்பு மாதிரி எல்லாவற்றையும் எழுத வேண்டாம், சாயந்திரம் கை வலிக்கும். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை, பார்த்த ஒரு காரியம். "சரியான வால்" என்று எழுதினால் அது உங்கள் எரிச்சல்தான். "கதை நடுவில் அடிக்கடி எழுந்து ஜன்னலுக்குப் போனான், மிருகம் பேசும் இடம் வந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்தான்" என்று எழுதினால், நாளைக்கு என்ன கதை எடுப்பது என்று அதிலேயே தெரிந்துவிடும். பிள்ளைகளின் உண்மைப் பெயரை எழுதாதீர்கள், நோட்டு எங்கேயாவது தொலைந்தால் வம்பு.

பின்னால் வேலைக்கு நேர்முகத்தேர்வில் உட்காரும்போதும் இது கைகொடுக்கும். "எனக்குப் பொறுமை அதிகம்" என்று சொல்கிறவர்களைக் கேட்டுக் கேட்டு எனக்கே காது புளித்துவிட்டது. நடந்த ஒன்றைச் சொல்கிறவர்களை நிறுத்திவைத்து மேலும் கேட்போம். அனுபவச் சான்றுக் கடிதத்தை முகாம் முடியும் முன்பே கேட்டு வாங்குங்கள். முடிந்த பிறகு பொறுப்பாளர் எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது.

புதுமுகம்

விதிமுறை சொன்ன கேள்விகளைக் கேட்டுவிட்டேன். ஒவ்வாமைப் பட்டியலை எடுத்துக் காட்டினார்கள், கூட்டிப் போகிறவர் பட்டியலும் இருக்கிறது. காவல்துறைச் சான்று கேட்டார்கள், கோபப்படவில்லை! கடைசி வரை ஒரே குழுவோடு என்னை வைக்கும்படி கேட்டேன், சரி என்றார்கள். அப்பாவிடம் 31-ஆம் பிரிவைச் சொன்னேன். "அப்போ பந்து பொறுக்குவதும் சட்டப்படிதானா" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

சேருவதாகச் சொல்லிவிட்டேன். கதை நேரத்தை என்னிடமே தரப் போகிறார்களாம். ஆறு வயதும் ஒன்பது வயதும் ஒன்றாக உட்காருவார்கள். சின்னவர்களுக்குப் புரிகிற கதை என்றால் பெரியவர்கள் கொட்டாவி விடுவார்கள். என்ன செய்வது?

சிவப்பு மை

கதையை நடுவில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். மேரி பட் ரோ என்பவர் 1970-களில் வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி உங்களுக்கு ஒரு யுகமாகத் தோன்றும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

முகாம் அக்கா

ஒன்பது வயதுக்காரர்களைக் கேட்கிறவர்களாக உட்கார வைக்காதீர்கள், வேலை கொடுங்கள். ஒருவன் இடிச் சத்தம், ஒருத்தி கதவு கிறீச்சிடும் சத்தம், இன்னொருவன் அந்த ராட்சசன். முதல் நாளே கதையைச் சொல்லி, எந்த இடத்தில் தங்கள் முறை வரும் என்று காட்டிவிடுங்கள். சின்னவர்கள் கதையைக் கேட்பார்கள், பெரியவர்கள் தங்கள் முறைக்காகக் காது கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ராட்சசன் வேடத்துக்கு மட்டும் சண்டை வரும், அதற்குத் தினமும் ஒருவர் என்று முதலிலேயே சீட்டுக் குலுக்கிவிடுங்கள்.